சிண்டு முடிந்தவன்

இருவருக்கிடையே கலகம் மூட்டுகிறவனைச் 'சிண்டு முடிகிறவன்' என்போம். அருகருகே உட்கார்ந்திருக்கும் இருவரின் குடுமியை அவர்கள் அறியாமல் சேர்த்து முடிந்துவிட்டால், எழும்போது இருவருக்கும் வலிக்கும். மற்றவன்தான் இழுத்தான் என்று ஒவ்வொருவனும் நினைப்பான். முடிந்தவனுக்குப் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தமிழாசிரியராக இருந்தபோது வகுப்பில் இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஓய்வுபெற்ற பிறகு நானே அதைச் செய்தேன்.

எங்கள் தெருவில் அண்ணன் தம்பி இருவர். கம்பைநல்லூர் சந்தைக்கு ஒரே மொபெட்டில் போய் வருவார்கள். அண்ணன் மகளுக்குக் கல்யாணம் வந்தது. எனக்குப் பேருந்து நிலையத்திலேயே பத்திரிகையைக் கையில் கொடுத்துவிட்டார். தம்பிக்கு அப்படிக் கொடுக்க முடியாது. நல்ல நாள் பார்த்து, கணவனும் மனைவியுமாகத் தட்டில் வெற்றிலை பாக்கோடு வீட்டுக்குப் போய் வைக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் டீக்கடையில் தம்பியிடம் கேட்டேன்.

"என்னப்பா, உனக்கு இன்னும் பத்திரிகை வெக்கலையா? எனக்குப் போன வாரமே வந்திருச்சே."

அவர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து அண்ணனும் அண்ணியும் தட்டோடு போனபோது தம்பி கதவைத் திறக்கவில்லை. கல்யாணத்துக்கும் போகவில்லை. ஒன்பது வருடமாகப் பேச்சில்லை.

எனக்கு அவர்கள்மேல் பகை கிடையாது. என் தம்பி என்னோடு பேசுவதை நிறுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த மொபெட்டைப் பார்க்கப் பொறுக்கவில்லை, அவ்வளவுதான்.

போன வாரம் தெருவிலிருக்கும் அந்தத் தம்பி தன் மனைவியோடு, மகன் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வைக்க வந்தார்.

"அண்ணனுக்கு வெச்சாச்சா?" என்றேன்.

"தபால்ல அனுப்பிக்கலாம்னு இருக்கறேங்க சார்."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் பேசினார்.

"இதைச் சொல்ல உங்களுக்கு ஒம்போது வருசம் ஆச்சுங்களா சார்?"

தம்பி என் கையிலிருந்த பத்திரிகையை மெதுவாகத் திரும்ப வாங்கித் தட்டில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல அண்ணன் வூட்டுக்குப் போயிட்டு வர்றமுங்க" என்றார்.

அன்று மாலையே அவர்கள் அங்கே போனதாகவும், அண்ணி சோறு போட்டுத்தான் அனுப்பினார் என்றும் தெருவில் சொன்னார்கள். கல்யாணம் வரும் புதன்கிழமை. எனக்குப் பத்திரிகை இன்னும் வரவில்லை.