முள்ளுக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக்கு ஏ.சி. வந்தபோது நான் நான்காம் வகுப்பு முடித்திருந்தேன். கத்திரி வெயில். நீடாமங்கலத்தில் உரக்கடை வைத்திருந்த அப்பா, அதை மாட்டுவதற்குத் தஞ்சாவூரிலிருந்து அனுபவமுள்ள ஆளைக் கூப்பிடுவதாக இருந்தார். அம்மா விடவில்லை. அவளுடைய தம்பி, என் மாமா, ஐ.டி.ஐ. முடித்து, ஒரு ஏ.சி. கடையில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, தனியாகத் தொழில் செய்யப்போவதாகச் சொல்லி அப்போதுதான் வந்திருந்தார். கூடப்பிறந்தவன் இருக்க வேற்று ஆள் எதற்கு என்று அம்மா கேட்டதும் அப்பா விட்டுக்கொடுத்தார்.

ஆனால் ஊரில் பாதிப்பேர் உரக்கடைக்கு வந்துபோகிறவர்கள். அப்பா "பரவாயில்லை" என்று ஒரு வார்த்தை சொன்னால் மாமாவுக்குப் பத்து வீடு கிடைக்கும். உதட்டைப் பிதுக்கினால் பழைய கடைக்கே திரும்ப வேண்டியதுதான். இது எனக்கே தெரியும்போது மாமாவுக்குத் தெரியாமல் இருக்குமா? சுவரில் துளை போடும்போதே மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. நான் முழுக்க முழுக்க மாமா கட்சி.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு மாமா செப்புக் குழாய்களை இணைத்து, சிலிண்டரிலிருந்து நைட்ரஜனை உள்ளே அடைத்தார். அழுத்தம் காட்டும் வட்டமான கேஜில் முள் ஏறி நின்றது. ஒரு மணி நேரம் முள் அசையாமல் நிற்க வேண்டும், இறங்கினால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம் என்று எனக்கு விளக்கினார். அம்மாவின் கவலை வேறு. பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் ஏ.சி. ஓடியாக வேண்டும். சந்தனத்தைக் குழைத்து என் கையில் கொடுத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கச் சொன்னாள். ஆயுத பூஜைக்குக் கடைத் தராசு முதல் கல்லாப்பெட்டி வரை வைத்துப் பழகிய கை. உள்பெட்டி, வெளிப்பெட்டி, சிலிண்டர், ஸ்பேனர் எதையும் விடவில்லை. கேஜின் கண்ணாடியிலும், சரியாக முள்ளின் நுனி மேல், கடுகளவு ஒரு பொட்டு வைத்தேன்.

ஒன்பதரைக்கு முதலில் பார்த்தது நான்தான். முள் பொட்டை விட்டு ஒரு நூல் இறங்கியிருந்தது. பொட்டு மட்டும் இல்லையென்றால் அது இறங்கியது யாருக்கும் தெரியாது. நைசாகக் கட்டைவிரலை நீட்டினேன். மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அழிச்சா முள்ளு ஏறிடுமா?" என்றார்.

அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, ஒரு நூலுக்கா இத்தனை பாடு, இப்போது ஓடவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றாள். அப்பா கொல்லைக் கதவில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மாமா அவரைப் பார்த்துத்தான் சொன்னார்:

"வெயில் ஏற ஏற முள்ளு ஏறணும் அத்தான். இது இறங்குது. எங்கேயோ கசியுது. என் வேலைதான் சரியில்லைங்க."

அப்பா "ம்" என்றார். அவ்வளவுதான். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக் கிணற்றில் போடலாம்போல ஆத்திரம் வந்தது.

மாமா சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினார். வெளிப்பெட்டியின் இரண்டாவது நட்டில் மிளகளவு ஒரு குமிழி வந்தது, உடைந்தது, மறுபடி வந்தது. துக்கம் மறந்து நான் கைதட்டிவிட்டேன். அதற்குள் மணி பத்து இருபது. நல்ல நேரத்தில் ஏதாவது ஒன்று நடந்தாக வேண்டுமே! அம்மா சூடத்தை ஏற்றி அந்தக் குமிழிக்கே காட்டினாள். மாமா பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டார்.

குழாயின் வாயை வெட்டி, மறுபடி விரித்து முடுக்கி, மறுபடி நைட்ரஜன் அடைத்து, முள் பொட்டு வைத்தாற்போல் நின்ற பிறகு அந்த நைட்ரஜனைச் சீறவிட்டு வெளியேற்றினார். பிறகு வேக்கம் பம்ப் உறுமத் தொடங்கியது. உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அது உறிஞ்சி எடுக்குமாம். காற்று கொடுக்கிற மெஷினிலிருந்து எதற்குக் காற்றைப் பிடுங்குகிறார்கள் என்று கேட்டுக் கேட்டு மாமா உயிரை வாங்கினேன். கடைசியில் குளிரவைக்கும் கேஸைக் குழாயில் திறந்து ஓடவிட்டபோது மணி நான்கு. ஜில்லென்று முகத்தில் அடித்த அந்த முதல் காற்றை நான் இன்னும் மறக்கவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளெல்லாம் பாயோடு வந்துவிட்டார்கள். நுங்கு தின்றுகொண்டே, குளிராதவர்களும் போர்வை கேட்டோம்.

அப்பா மட்டும் வெளியே போனில் தம் சிநேகிதர் ரைஸ்மில்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார். "மூடி மறைச்சிருந்தா மூணு மாசத்துக்கு ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. என் வேலைதான் சரியில்லைன்னு அவனே என்கிட்ட சொல்றான்ங்க" என்றது காதில் விழுந்தது. வீட்டு விஷயத்தை ஊருக்குச் சொல்கிறாரே என்று எனக்கு ஆறவில்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ரைஸ்மில்காரரே பைக்கில் வந்து இறங்கி, ஏ.சி. போட்ட தம்பி இருக்கிறாரா என்று விசாரித்தார். மாமா உள்ளே அதே ஏ.சி.யின் கீழ்தான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அப்பா போனில் சொன்னதைக் கேட்டு மாமாவைத் திட்டத்தான் வந்திருக்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

"மாமா ஊருக்குப் போயிட்டாங்க. இனிமே வரமாட்டாங்க."

அவர் முகம் தொங்கிப்போனது. நல்லவேளை, மறுநாள் அப்பா இருக்கும்போது மறுபடி வந்தார். மில்லுக்கும் வீட்டுக்குமாக மூன்று ஏ.சி. மாட்ட வேண்டியிருந்ததாம். அவர் முதலில் வந்த அன்றைக்கு நான் அதை எங்கே கண்டேன்? அவருடைய பைக் தெரு முனை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டு, மாமாவைக் காப்பாற்றிய பெருமையில், அவர் தூக்கம் கலையாமல் கதவைச் சாத்தினேன்.