ரேடியேட்டருக்குக் கொடுத்த மஞ்சள்

கறிக்கே மஞ்சள் இல்லாத காலத்தில் என் வீட்டுக்காரர் லாரிக்கு மஞ்சள் கேட்டார்.

ரேடியேட்டர் ஒழுகினால் உள்ளே மஞ்சள் தூளைப் போடுவது எங்கள் லாரிக்காரர்களின் கை வைத்தியம். தூள் தண்ணீரோடு சுற்றிச் சுற்றிப் போய், ஓட்டை இருக்கும் இடத்தில் அப்பிக்கொள்ளும் என்பார்கள். பற்றவைக்க ஈயம் தேடி டத்தோ கிராமாட் ரோடு முழுக்க அலைந்துவிட்டு வந்திருந்தார். யாரிடமும் கிடைக்கவில்லை. இருந்தவர்களும் ஜப்பான்காரனுக்குப் பயந்து இல்லை என்றார்கள்.

"ரெண்டு கை வேணும்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டின்னின் அடியில் ஒரு கைக்கும் குறைவாகத்தான் கிடந்தது. அதையும் குழம்புக்குத் தொடாமல் வைத்திருந்தேன். தாலித் தங்கம் ஜப்பான்காரன் வந்த முதல் வருஷமே அரிசியாகிப் போயிற்று. கழுத்தில் மிஞ்சியது வெறும் கயிறு. வெள்ளிக்கிழமை தோறும் அதற்குப் பூச மஞ்சள் வேண்டும். கயிறு வெளுத்தால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. சொன்னால் சிரிப்பார். அதனால் சொல்லவில்லை. இரண்டு கரண்டி மஞ்சளை எடுத்து, மரவள்ளி மாவை, எங்கள் ஊர்ப் பேச்சில் ஊபி மாவை, கொட்டிக் கலந்து, இரண்டு கையாக்கிப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அந்த நாளில் எதில்தான் மரவள்ளி இல்லை? இட்லியும் மரவள்ளி, ரொட்டியும் மரவள்ளி. நாங்கள் தின்பதை லாரியும் கொஞ்சம் தின்னட்டுமே என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவு திமிர்.

அந்த லாரி சண்டைக்கு முன்பே கிழடாகிப்போன வண்டி. ஒரு சீனத் தவுக்கே முதலாளியிடமிருந்து ஜப்பான்காரர்கள் பிடுங்கியது. அரிசி மூட்டைகளைக் கிடங்கிலிருந்து துறைமுகத்துக்கு அதில்தான் ஏற்றிப் போனார்கள். ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அதற்காக அவர் கையில் முத்திரை குத்திய ஒரு துணிப்பட்டை கட்டியிருந்தது. பட்டை இல்லாத ஆம்பளைகளைத் தெருவில் கண்ட இடத்தில் பிடித்து, பிறை ஸ்டேஷனில் ரயிலேற்றி, சயாமில் தண்டவாளம் போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசை வீடுகளிலிருந்து மூன்று பேர் போயிருந்தார்கள். ஒருவரும் திரும்பவில்லை. லாரி ஓடும்வரை பட்டை, பட்டை இருக்கும்வரை அவர். இதை எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பொட்டலத்தைக் கொட்டியதும் ஒழுகல் நின்றது. இரண்டு நாள் என் கை ராசியை மெச்சினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் எங்கள் சந்து முனையிலேயே லாரி நின்றது. போய்ப் பார்த்தால் மூடி வழியாக ஆவி சீறிக்கொண்டிருந்தது. பின்னால் மூட்டைகள். முன் இருக்கையிலிருந்து காவலுக்கு வந்த சிப்பாய் இறங்கினான். நாங்கள் இருவரும் இடுப்பை வளைத்துக் கும்பிட்டோம். அவன் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தான். தரை காய்ந்திருந்தது. ஒழுகல் இல்லை, பிறகு ஏன் கொதிக்கிறது? அவனுக்கு எஞ்சின் தெரியும் என்பது அவன் பார்த்த பார்வையிலேயே புரிந்தது. கைக்கடிகாரத்தைக் காட்டி நான்கு விரலை நீட்டினான். ஜப்பான் மணிக்கு நாலு, அப்போது எங்களுக்கும் அதுதான் மணி. அதற்குள் ஓட வேண்டும். பிறகு அவர் கையிலிருந்த பட்டையைத் தொட்டு, வடக்கே கையைக் காட்டி, "சயாம்" என்றான். சந்து முனைக் கடையிலிருந்து ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.

அவர் பதறவில்லை. வண்டி ஆறும்வரை காத்திருந்தார். விசிறி பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். இறுக்கமாகத்தான் இருந்தது. ரப்பர் குழாய்களைக் கசக்கிப் பார்த்தார். எண்ணெய் பார்க்கும் கம்பியை உருவி வெயிலில் பிடித்தார். கேஸ்கெட் போயிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் மாதிரி வெளுத்திருக்கும். வெளுக்கவில்லை. மூடியைத் திறந்து வைத்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. தண்ணீர் பம்பைக் கழற்றினார், நன்றாக இருந்தது, திரும்ப மாட்டினார். அதிலேயே முக்கால் மணி நேரம் போயிற்று. நான் வீட்டுக்கும் வண்டிக்கும் தண்ணீர் சுமந்தேன். சிப்பாய் கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தான்.

கடைசியில் எஞ்சினை இன்னொரு தடவை ஓடவிட்டு, ரேடியேட்டரின் முகத்தில் உள்ளங்கையை வைத்தார். மேலே தொட்டதும் கையை வெடுக்கென்று எடுத்தார். கீழே வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"மேல கொதிக்குது, அடி சில்லுனு இருக்கு. தண்ணி கீழ இறங்கல. உள்ள என்னமோ அடைச்சிருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

மரவள்ளி மாவைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? துணிக்குக் கஞ்சி போடுகிற எனக்கா தெரியாது? ரேடியேட்டருக்குள் நான் கஞ்சி காய்ச்சியிருந்தேன். சொல்லாவிட்டால் நாலு மணிவரை அவர் வேறெதையாவது கழற்றிக்கொண்டிருப்பார். சொன்னால் அது வெளியே வரும், சிப்பாய் பார்ப்பான். ராணுவ வண்டிக்குள் மாவு போட்டவனை அவர்கள் சயாமுக்குக்கூட அனுப்ப மாட்டார்கள்.

தண்ணீர் வாளியோடு அவர் பக்கத்தில் குனிந்தேன். சிப்பாய்க்குத் தமிழ் தெரியாது, ஆனால் முகத்தைப் படிக்கத் தெரியும். முகத்தை மாற்றாமல் சொன்னேன்.

"அது முழுக்க மஞ்சள் இல்லைங்க. ஊபி மாவு கலந்தேன்."

அவர் கை நின்றது. பிறகு ஒரு திருகாணியைத் தேடுகிறவர் போலத் தலையை இன்னும் குனிந்துகொண்டார்.

"எவ்வளவு?"

"ரெண்டு கரண்டிதான் மஞ்சள். மிச்சமெல்லாம் மாவு."

"சிரிச்ச மாதிரி நில்லு. அவன் இங்கதான் பாக்குறான்." குரல் ஏறவேயில்லை. "போயி சுடுதண்ணி போடு. நெறைய."

சிரித்த மாதிரி நின்றேன். ஆயுளில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான்.

நான்கு போல்ட், இரண்டு குழாய். ரேடியேட்டரைக் கழற்றி, சாக்கடை ஓரமாகத் தலைகீழாகச் சாய்த்தார். அடிப்பக்கக் குழாய் வாய் வழியாக நான் சுடுதண்ணீர் ஊற்றினேன். முதல் இரண்டு வாளிக்கு அசையவில்லை. மூன்றாவதில் கட்டி கட்டியாக இறங்கியது, மங்கலான மஞ்சள் நிறத்தில், கொழகொழவென்று. சாக்கடைக்குள் காலால் தள்ளப் பார்த்தேன். முடியவில்லை. சிப்பாய் எழுந்து வந்துவிட்டான்.

ஒரு கட்டியை விரலில் எடுத்தான். கசக்கினான். மோந்து பார்த்தான்.

"அபா இனி?" என்றான். இது என்ன என்று மலாயில் கேட்கிறான்.

நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். நிஜமாகவே எடுத்தேன். அதற்குள் அவர் முன்னால் வந்து நெஞ்சைத் தொட்டு, "சாயா, துவான்" என்றார். நான்தான், ஐயா. ஓட்டையைக் காட்டினார், கட்டியைக் காட்டினார், லாரிக்கு மருந்து என்று அரைகுறை மலாயில் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டார். ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டான் மாதிரி பல்லைக் காட்டினார். என் வீட்டுக்காரர் அப்படிப் பல்லைக் காட்டி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சிப்பாய் வெகுநேரம் அவர் முகத்தையே பார்த்தான். பிறகு அறைந்தான். ஒரே கன்னத்தில், ஒரே இடத்தில், அவர் விழுந்து எழுந்து நிற்க நிற்க அறைந்தான். "பகேரோ" என்று கத்தினான். முட்டாள் என்று அர்த்தமாம். சதிகாரன் என்று நினைத்திருந்தால் அறையோடு விட்டிருக்க மாட்டான். வண்டியை மாட்டு என்று கையைக் காட்டிவிட்டு முக்காலிக்குத் திரும்பினான்.

அவர் ஒன்றும் நடக்காதது போல மாட்டினார். அடைப்பு போனதும் ஓட்டை மறுபடி ஒழுகியது. வீட்டிலிருந்த துணி சோப்புத் துண்டை ஓடிப்போய் எடுத்து வந்தேன். வெளிப்பக்கமாக அதை அழுத்தித் தேய்த்து அடைத்தார். நாலு டின் தண்ணீரை ஏற்றிக்கொண்டார். நாலு மணி அடிக்கும் முன்பே லாரி துறைமுகத்துப் பக்கம் போயிற்று.

பொழுது சாயும் முன் திரும்பி வந்தார். கையில் பட்டை இருந்தது. இடது கன்னம் வீங்கிக் கண்ணை மூடியிருந்தது. மரவள்ளிக் கிழங்கை அவித்து வைத்தேன். அடுப்பு இருக்கிற பக்கம் என்பதால் அவருக்கு இடது பக்கமாக உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன்: "என் தப்புங்க. எனக்கு விழ வேண்டிய அடி. மன்னிச்சிடுங்க."

அவர் பதிலே சொல்லவில்லை. கிழங்கைப் பிட்டுப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார். சரி, கோபம், இருக்கட்டும் என்று விட்டேன். மறுநாளும் இடது பக்கமிருந்தே இரண்டு வார்த்தை பேசிப் பார்த்தேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதன் பிறகு எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒருத்தி எத்தனை தடவைதான் இறங்கி வருவாள் என்று நானும் இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் அவருக்கு இடது பக்கத்தில் வெந்நீர்ப் பானை கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. அவர் மட்டும் வெற்றிலை கிள்ளிக்கொண்டே, பானை விழுந்த பக்கத்தை விட்டு வலது பக்கம் திரும்பிப் பார்த்தார்.

உடைந்ததை அப்படியே விட்டுவிட்டு, அறை வாங்காத காது இருக்கும் வலது பக்கம் போய் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே மறுபடியும் சொன்னேன், என் தப்பு, எனக்கு விழ வேண்டிய அடி என்று. கத்தித்தான் சொல்லியிருக்க வேண்டும். அவர் வாசலைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மெதுவா லா. யாராச்சும் கேட்டா என்ன ஆகும்?" என்றார்.

மெதுவாகத்தான் முதலில் சொன்னேன். அது அவருக்குக் கேட்கவில்லை.