பாய்லர் சரிவில் இரண்டாவது சிக்னல்

இது நடந்தது. நவம்பர் பதினாறு, சனிக்கிழமை, பட்டப்பகலில். மணி, நிமிடம் உட்பட எல்லாவற்றையும் போலீஸ்காரரிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்களைக் கெஞ்சிக் கொண்டிருக்க எனக்கு நேரமில்லை.

என் பெயர் ஆர்னி. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைப்பக்கம், ஒரு மர மில்லை நம்பிப் பிழைக்கும் சின்ன ஊரில் ஸ்னோமொபைல் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். முன்னால் ஸ்கீ என்னும் சறுக்குப் பலகை இரண்டு, பின்னால் சுழலும் பட்டை, பனிமேல் பறக்கும் வண்டி. அதை ஓட்டுகிறவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் அடிமுட்டாள்கள். முதல் பனி விழுந்ததுமே இவர்களுக்குக் கை அரிக்கும். இடுப்பளவு கூடப் பனி இருக்காது, அடியில் பாறையும் மரக்கட்டையும் அப்படியே கிடக்கும். ஆனாலும் போவார்கள். திங்கட்கிழமை காலையில் ஸ்கீ முறிந்த வண்டியோடு என் கடை வாசலில் நின்று, ஏதோ சின்னக் கல்தான் தட்டியது என்பார்கள். இவர்களுடைய முட்டாள்தனத்தில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது. அதற்காக அவர்களை மதிக்க வேண்டும் என்று சட்டமில்லை.

அந்தக் கூட்டத்துக்கே ராஜா என் மைத்துனன் கெல்வின். என் மனைவி மாரீனின் தம்பி. முப்பத்தொரு வயது, மில்லில் வேலை, வாங்கும் சம்பளம் எல்லாம் வண்டிக்கே. நான் ஊர் மீட்புக் குழுவில் இருப்பவன். வருடா வருடம் ஊர் ஸ்னோமொபைல் கிளப்பில் பனிச்சரிவுப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பவன். இவன் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனை நோண்டுவான்.

அந்த வாரம் மலை மோசமாக இருந்தது. அக்டோபரில் விழுந்த பனி தரையோடு கிடந்து கிடந்து சர்க்கரை மாதிரி பொலபொலவென்று ஆகியிருந்தது. அதன்மேல் காற்று அடித்து பலகை மாதிரி ஒரு கெட்டிப் பனி அடுக்கைப் படிய வைத்திருந்தது. ஒரு ஆள் எடை பட்டால் போதும், மொத்தமும் கிளம்பும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. சீசன் ஆரம்பத்தில் வண்டி ஓட்டப் போதுமான பனி எங்கே சேர்கிறதோ, சரிந்து விழப் போதுமான பனியும் அங்கேதான் சேரும். இதைப் பதினெட்டு வருடமாகச் சொல்கிறேன். சுவருக்குச் சொல்லியிருக்கலாம்.

நான் போனது மாரீனுக்காக. அம்மா செத்த பிறகு தம்பியை வளர்த்தவள் அவள். "அவன் எப்படியும் போவான். நீ கூட இருந்தா எனக்கு நிம்மதி. பத்திரமா கூட்டிட்டு வந்துடு" என்றாள். சரி என்றேன். மூன்றாவதாக வாஸ்னி வந்தான். சாலையில் பனி ஒதுக்கும் லாரி ஓட்டுகிறவன். சொன்னதைச் செய்வான், சொந்தமாக யோசிக்க மாட்டான்.

காலை 10.20. வண்டிகளை இறக்கிவிட்டு பீக்கன் பரிசோதனை செய்தோம். பீக்கன் என்பது நெஞ்சில் கட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. நொடிக்கு ஒரு தரம் சிக்னல் விட்டுக்கொண்டே இருக்கும். யாராவது பனிக்குள் புதைந்தால், மற்றவர்கள் தங்கள் பெட்டியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தச் சிக்னலைப் பிடித்துப் போவார்கள். கிளம்பும்போது ஒருவன் நின்று கேட்க, மற்றவர்கள் ஒவ்வொருவராக அவனைக் கடந்து போக வேண்டும். அது வழக்கம். அன்று நின்று கேட்டவன் நான்.

கெல்வின் கடந்தான். பீப். வாஸ்னி கடந்தான். பீப்.

இருவரும் தூரத்து வளைவு தாண்டிப் போய்விட்டார்கள். என் பெட்டி மட்டும் நிற்கவில்லை. பீப்... பீப்... திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அணைத்து மறுபடி போட்டேன். நின்றது. குளிர் என்று நினைத்தேன். மணி 10.26.

பகல் 12.38. பாய்லர் சரிவு என்று நாங்கள் சொல்லும் செங்குத்தான மலைச்சரிவுக்கு எதிரில் இருக்கும் மேட்டில் நிறுத்தினோம். பனி சரிந்தாலும் அங்கே எட்டாது. இந்தச் சரிவை இன்று தொடக்கூடாது என்று சொல்லத்தான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். அதற்குள் கெல்வின் வண்டியோடு சரிவில் ஏறிவிட்டான்.

12.41. பாதி உயரத்தில் வண்டி புதைந்து நின்றது.

எங்களிடம் ஒரு விதி உண்டு. சரிவில் ஒரு சமயத்தில் ஒரே ஆள். மாட்டிக்கொண்டவனை மீட்க இன்னொருவன் ஏறக்கூடாது. இரண்டாவது ஆளின் எடையில்தான் சரிவு உடையும். மாட்டிக்கொண்டவன் தானே தோண்டிக்கொண்டு இறங்க வேண்டும். தலைமேல் கையை வைத்துக் காட்டினால், நலம், வரவேண்டாம் என்று அர்த்தம். கெல்வின் தலைமேல் கை வைக்கவில்லை. வா வா என்று கையை ஆட்டினான்.

"போலாமா?" என்றான் வாஸ்னி.

"கெடக்கட்டும். நாலு தடவ தோண்டினாத்தான் புத்தி வரும்."

சாண்ட்விச்சைப் பிரித்து உட்கார்ந்தேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. விதி என் பக்கம். அவன் ஒரு மணி நேரம் வியர்க்கட்டும் என்று இருந்தது.

12.49. மேகம் இறங்கியது. சரிவின் மேல் பாதி மங்கலானது. கெல்வின் ஒரு கறுப்புப் புள்ளியாகத் தெரிந்தான். அவன் தோண்டவில்லை. பக்கத்தில் தலையைத் திருப்பித் திருப்பி... பேசிக்கொண்டிருந்தான்.

12.58. என் தோளில் இருந்த ரேடியோ கரகரத்தது.

"வந்துட்டியா மச்சான்... வரமாட்டேன்னு நெனச்சேன்."

கெல்வின் குரல். வாஸ்னி என்னைப் பார்த்தான். நான் சிரித்தேன். என்னைச் சீண்டுகிறான் என்று நினைத்தேன்.

"நடிக்காம தோண்டு," என்றேன் ரேடியோவில்.

ரேடியோப் பொத்தானை அவன் அழுத்தியபடியே இருந்திருக்க வேண்டும். காற்றுச் சத்தம் கேட்டது. அவன் மூச்சு வாங்குவது கேட்டது. பிறகு இன்னொரு மூச்சு. வேறு தாளத்தில்.

"இடது பக்கம் ஸ்கீய புடி. நான் பின்னால தூக்கறேன்." மறுபடி கெல்வின் குரல்.

1.04. மேகம் கொஞ்சம் விலகியது. சரிவில் ஒரே ஒரு தடம். கெல்வினுடைய தடம். காலடி எதுவும் இல்லை. அவன் வண்டியின் பின்னால் குனிந்திருந்தான். முன்னால் யாரும் இல்லை.

முன்பக்கம் எழும்பியது.

இருநூறு கிலோவுக்கு மேல் எடை. அது தானாக எழும்பாது. நான் மெக்கானிக். எனக்குத் தெரியும்.

"ஆர்னி... நாம மூணு பேர்தான வந்தோம்?" என்றான் வாஸ்னி.

1.07.

வ்வூம்ப்.

காலடி மேடே ஒரு தரம் அமிழ்ந்தது. சரிவு முழுவதும் விரிசல் ஓடியது. பிறகு எல்லாம் இறங்கியது. பத்து நொடி. அதற்குப் பிறகு... அமைதி.

எழுந்து ஓடினேன். மனதில் ஒரே கணக்கு. பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பிழைப்பான். பதினைந்தைத் தாண்டினால் சவம். மாரீனிடம் வெறுங்கையோடு போய் நிற்க முடியாது.

1.09. பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்றினேன். சிக்னலுக்கு ஒன்று என்று திரையில் குட்டி ஆள் உருவம் தெரிந்தது.

இரண்டு உருவம்.

"மாத்துடா மடையா. உன்னோடது இன்னும் சிக்னல் விடுது," என்று வாஸ்னியைத் திட்டினேன். புது ஆட்கள் பதற்றத்தில் செய்யும் தப்பு அது. அவன் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டினான். சரியாக மாற்றியிருந்தான். அவன் திரையிலும் இரண்டு.

கிட்ட இருப்பது ஆறு மீட்டர். இன்னொன்று இருபத்தெட்டு. கிட்ட இருப்பதை முதலில் எடு. அதையும் வகுப்பில் நான்தான் சொல்லித்தருகிறேன்.

1.10. திரையில் 0.8 மீட்டர். பனிக்குள் குத்திப் பார்க்கும் நீளக் கம்பியை இறக்கினேன். மூன்றாவது குத்தில் பட்டது. பாறை இல்லை. மண் இல்லை. மெத்தென்று... உடம்பு.

"இங்கதான். தோண்டு."

இருவரும் தோண்டினோம். பனி கட்டி கட்டியாக வந்தது.

1.12. 0.5.

1.13. மண்வாரி தரையில் மோதியது. புல். காய்ந்த மஞ்சள் புல். அடியில் உறைந்த மண்.

ஆள் இல்லை.

பீப் பீப் பீப் பீப்... பெட்டி விடாமல் கத்தியது. 0.3.

"ஆர்னி, இங்க ஒண்ணுமில்ல. அடுத்ததுக்குப் போலாம்."

"நான் சொல்றவரைக்கும் தோண்டு."

எனக்குத் தெரியாதா? நான் வகுப்பு எடுக்கிறவன். குழியை அகலமாக்கினேன். மண்டி போட்டுப் புல்லைப் பிய்த்தேன். உறைந்த மண்ணை நகத்தால் கீறினேன்.

0.2.

0.1.

அதற்குமேல் குறையாது. கையை நீட்டினால் தொடும் தூரம். அங்கே என் கை மட்டும்தான் இருந்தது.

1.16. வாஸ்னி என்னிடம் கேட்காமல் எழுந்து ஓடினான். வாழ்க்கையில் அவன் சொந்தமாக யோசித்தது அந்த ஒரு தடவைதான். அவன் மறுபக்கம் கம்பியைக் குத்திக் கத்திய பிறகுதான் எனக்கு அறிவு வந்தது.

1.21. கெல்வினின் முகத்தை வெளியே எடுத்தோம். நீலம் பூத்திருந்தது. வாயிலிருந்து பனியைத் தோண்டி எடுத்து ஊதினேன். நான்காவது ஊதலில் இருமினான்.

பதினாலு நிமிடம். அதில் ஆறு அந்தக் குழிக்குப் போனது.

ஹெலிகாப்டர் அவனைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு சிக்னல் என்று நான் சொன்னதால் மறுநாள் காலை மீட்புக் குழு மேலே வந்தது. புதைந்த ஆளின் வாடையைப் பிடிக்கப் பழக்கிய நாய் ஒன்றைக் கொண்டு வந்தார்கள். அதை அவிழ்த்துவிட்டார்கள். நேராக என் குழிக்கு ஓடியது. மோந்தது. வெளியே வந்தது. இருபது பேர் நின்றிருந்தோம். எல்லாரையும் தாண்டி வந்து என் முன்னால் உட்கார்ந்து குரைத்தது.

ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்ல அது அப்படித்தான் குரைக்கும்.

நாய்க்காரன் மன்னிப்புக் கேட்டான். குட்டி, இன்னும் பழகவில்லை என்றான். அதற்கு ஏழு வயது.

கெல்வின் பிழைத்தான். பிழைத்தான் என்றுதான் சொல்ல வேண்டும். கரண்டி பிடிக்கத் தெரியவில்லை. பேச்சு இழுத்து இழுத்து வருகிறது. எட்டு நிமிடத்தில் எடுத்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருப்பான் என்று டாக்டர் சொன்னார். மாரீன்தான் அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள்.

ஜனவரியில் ஒருநாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அன்று சரிவில் யாரோடு பேசினாய் என்று கேட்டேன்.

"நீதான... ஏறி வந்த... மச்சான்."

நான் கீழேயே இருந்தேன் என்றேன். தலையை ஆட்டினான்.

"நீதான். ஸ்கீய... புடிச்ச. அன்னிக்கு மட்டும்... நீ என்னத் திட்டவே இல்ல."

மூளைக்குக் காற்று போகாதவன் பேச்சு. தள்ளிவிட்டேன். மாரீன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை அவள் அந்த நாளைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. அன்றிரவும் கோபப்படவில்லை.

"அந்த ஆறு நிமிஷம் யாரத் தோண்டின?" என்றாள்.

பெட்டி கோளாறு என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன். விசாரணை அதிகாரி என் பீக்கனையும் வாஸ்னியுடையதையும் செய்த கம்பெனிக்கே அனுப்பியிருந்தார். மார்ச் மாதம் அறிக்கை வந்தது. ஒரே பக்கம். இரண்டு பெட்டியிலும் கோளாறு இல்லை. புது ரகப் பெட்டிகள் சிக்னலோடு சேர்த்துத் தங்கள் சொந்த எண்ணையும் அனுப்புமாம். பிடித்த எண்களைத் தேடும் பெட்டி உள்ளே பதிந்து வைத்துக்கொள்ளுமாம். அன்று வாஸ்னியின் பெட்டியில் இரண்டு எண்கள் பதிவாகியிருந்தன. ஒன்று கெல்வினுடையது. இருபத்தெட்டு மீட்டரில் இருந்தது.

மற்றதைப் படித்தேன். திருப்பி அனுப்பிய என் பெட்டியை உறையிலிருந்து எடுத்தேன். பின்பக்க மூடியில் எண் இருந்தது.

அதே எண்.

தேடும் நிலையில் அந்தப் பெட்டி சிக்னல் விடாது. அது என் கையில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் தோண்டினேன்.

அந்த ஆறு நிமிடம் யாரைத் தோண்டினேன் என்று மாரீன் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. அடுத்த அறையில் அவள் தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். பெட்டியைத் திரும்ப உறைக்குள் போட்டு மூடினேன்.