மையில் எழுதிய நகர்வு

எங்கள் வீட்டுச் சதுரங்க நோட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. கம்ப்யூட்டர் மூன்று மணி நேரம் யோசித்து முடித்த நகர்வை மட்டும் மையில் எழுத வேண்டும். அதற்குக் குறைந்ததெல்லாம் பென்சில். சட்டம் போட்டவன் நான். பென்சிலில் இருப்பதைத் தங்கை பலகையில் வைத்து யோசிப்பாள். மையில் இருப்பதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள்.

அந்த வருடம் அவள் பிளஸ் டூ. மாவட்ட அணியில் இடம் கிடைத்தால் மதுரையில் ஒரு கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு. இல்லையென்றால் உள்ளூர்க் கல்லூரிதான் என்று அப்பா சொல்லிவிட்டார். அவளுக்கு மதுரையைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

தேனியில் போட்டி. முந்தின நாள் காலை சிசிலியன் என்ற ஆட்டத் தொடக்கத்தில் வரும் ஒரு பொல்லாத நிலையைக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டிருந்தேன். வெள்ளை தன் குதிரையை வலியக் கொடுக்கிறது. கறுப்பு எடுக்கலாமா, கூடாதா? எடுத்தால் கறுப்புக்கு ஏக லாபம் என்றது கம்ப்யூட்டர். பதினோரு நிமிடம்தான் ஓடியிருக்கும். சொன்ன நேரத்துக்கு முன்பே கரண்டை நிறுத்தித் தொலைத்தார்கள். யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது. எனக்கு எப்போதும் மூக்குக்கு மேல் கோபம். பென்சிலைத் தேடப் பொறுமையில்லாமல் சட்டைப்பையிலிருந்த பேனாவால் ‘எடுக்கலாம்’ என்று கிறுக்கினேன். கரண்டு வந்ததும் திரும்ப ஓடவிடுவதாகத்தான் எண்ணம். அதற்குள் வேலையாகக் கம்பம் போனவன், அடியோடு மறந்துவிட்டேன்.

கடைசிச் சுற்றில் அவளுக்குக் கறுப்பு. ஜெயித்தால் அணியில் இடம். நோட்டில் அவள் படித்திருந்த அதே நிலை அப்படியே வந்தது. குதிரையின் மேல் கையைக் கொண்டுபோனவள் பின்னுக்கு இழுத்து, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எடுத்தாள். அதிலிருந்து ஏழாவது நகர்வில் அவளுடைய ராஜா மாட்டிக்கொண்டது.

காமயகவுண்டன்பட்டி பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டில் அப்பா, “விடு ஆத்தா, உள்ளூர்லயும் நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாக” என்றார்.

மறுநாள் அந்த நிலையை மறுபடி ஓடவிட்டேன். அரைமணி வரை அதே லாபம். பிறகு லாபத்தைக் காட்டும் எண் இறங்கி இறங்கி வெள்ளையின் பக்கம் சாய்ந்தது. தங்கை பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்கு எம்புட்டு நேரம்ணே ஓடுச்சு?”

“பதினோரு நிமிஷம்.”

“எடுக்கக்கூடாதுன்னுதாண்ணே எனக்குத் தோணுச்சு. பென்சில்ல எழுதியிருந்தா நானே யோசிச்சிருப்பேன்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. உள்ளூர்க் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப என் பேனாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.