எட்டுப் பிள்ளை பெற்றவளின் பதக்கம்

எத்தனை பிள்ளை பெற்றால் கடைசிக் காலத்தில் ஒன்றாவது பக்கத்தில் இருக்கும்? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த மாதிரி பேசுகிறவர்களைக் கண்டால் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கு இரண்டு பெண்கள். சின்னவளுக்கு நாலு மாதம். கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் நெல் விளைகிற ஊர் எங்களுடையது. கருத்தடை ஆபரேஷனுக்கான படிவத்தைக் கொடுத்துவிட்டுப் போன நர்ஸம்மா வாரம் தவறாமல் வாசலில் வந்து நிற்கிறார்.

"இன்னாம்மா, கையெழுத்து போட்டியா? ரெண்டு ஆயிப்போச்சி, இன்னும் இன்னாத்துக்குக் காத்துக்கினு கீற?"

மாமியார் உள்ளேயிருந்தே பதில் சொல்வார். "எம்புள்ளைக்கு ஒரு ஆம்பளப் புள்ள வாணாவா? போம்மா அப்பால."

பேச்சு முழுக்க என் வயிற்றைப் பற்றி. என்னை ஒருவரும் கேட்பதில்லை. நானும் சொன்னதில்லை, அது வேறு.

என் கணவர் வெல்டர். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை முடிந்ததும் கஜகஸ்தானுக்குக் குழாய் வேலைக்குப் போனார். அப்போது சின்னவள் வயிற்றில் இருந்தாள். அவளை அவர் இன்னும் நேரில் பார்க்கவில்லை. அங்கே ஒரு கிழவியின் வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்.

ஒருநாள் போனில் சொன்னார்: "இங்க தெருவுல பாதி ஊடு பூட்டிக் கெடக்குதும்மே. நாட்டுக்கு ஆளே பத்தல. நெறைய பெத்தவளுக்கு கவர்மென்ட்டே மெடல் குடுக்குது. எங்க ஊட்டுக் கெழவி அந்தக் காலத்துலயே எட்டு பெத்து மெடல் வாங்கிக்கீது. நீ ரெண்டுக்கே பயப்படற."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த எட்டுப் பேரும் எங்கே என்று கேட்டேன்.

கிழவி, போர்க்காலத்தில் அங்கே நாடு கடத்தப்பட்ட ஜெர்மன் வம்சமாம். சோவியத் நாடு உடைந்ததும் தெருவில் இருந்த ஜெர்மன்காரர்களும் ரஷ்யர்களும் மூட்டை கட்டினார்கள். அவளுடைய பிள்ளைகளில் சிலர் ஜெர்மனிக்கு, சிலர் ரஷ்யாவுக்கு. புருஷன் சமாதி அங்கே இருப்பதால் அவள் மட்டும் போகவில்லை. காலியான வீடுகள் சிலவற்றில் மங்கோலியாவிலிருந்து திரும்பிய கஜக் குடும்பங்கள் குடியேறியிருக்கின்றன.

"கெழவிக்கு நான்தான் ரொட்டி வாங்கியாந்து குடுக்குறேன்" என்றார் பெருமையாக.

அடுத்த மாதம் போனில் போட்டோ வந்தது. மேஜையில் ஒரே ஒரு தட்டு, மார்பில் பதக்கம் குத்திய கிழவி, பக்கத்தில் கிண்ணத்தோடு என் கணவர். சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமியார் இடது கையால் வாங்கிப் பார்த்தார். முகமெல்லாம் பூரிப்பு.

"பாத்தியா? எட்டு பெத்தவளுக்கும் கடைசியில எம்புள்ளதான் கஞ்சி ஊத்தறான். இதுக்குத்தான் சொல்றேன், ஊட்டுக்கு ஒரு ஆம்பளப் புள்ள வேணும்னு."

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ.

"நீங்க ரெண்டு ஆம்பளப் புள்ள பெத்தீங்களே அத்த, ஒங்களுக்கு யாரு ஊத்தறா? பெரியவரு சூரத்துல, சின்னவரு யாரோ ஒரு கெழவி ஊட்ல. ஒங்க சக்கர மாத்திரய யாரு வாங்கியாறா?"

அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துபோனார். சோறு பாதிக்கு மேல் மீதி. சர்க்கரை நோயாளியைப் பட்டினி போட்டுவிட்டேனே என்று அன்று முழுவதும் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் சொன்னதில் என்ன பொய்? மாத்திரைக்குக் கும்மிடிப்பூண்டி பஸ்ஸில் கைக்குழந்தையோடு தொங்குகிறவள் நான். என் கணவர் அங்கே அடுத்தவர் அம்மாவுக்குப் பிள்ளையாக இருக்கிறார், எனக்கு இங்கே இன்னொரு பிள்ளை பெறச் சொல்லிப் போன்.

சாயங்காலம் மாமியார் மெதுவாகக் கேட்டார்: "அந்த எட்டுல பொண்ணு எத்தினியாம்?"

தெரியாது என்றேன். என் கணவரிடம் நான் இன்னும் கேட்கவில்லை. எந்தப் பதில் வந்தாலும் எனக்குப் பயமாக இருக்கிறது.

படிவம் அலமாரியில் பெரியவளின் பாடப் புத்தகத்துக்கு அடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நர்ஸம்மா வருவார். கையெழுத்துப் போட்டுவிடத்தான் நினைக்கிறேன். நாளைக்கு இரண்டு பெண்களும் கல்யாணமாகித் தூரம் போய்விட்டால், என் கோபத்தால் அவசரப்பட்டேன் என்று ஆகிவிடுமோ என்றும் தோன்றுகிறது. பிள்ளைகளை வளர்த்து அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் மறைக்காமல் எழுதுங்கள். இன்னும் ஒன்று பெற்றிருக்கலாம் என்று உங்களுக்கு எப்போதாவது தோன்றியதா?