குளியல் தொட்டியில் வளர்ந்த முதலை

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில், ஆட்கள் ஆசைக்கு வளர்த்துக் கைவிட்ட முதலைகளையும் பாம்புகளையும் மீட்கும் குழுவொன்றில் நான் தொண்டராக இருந்தேன். நகரின் பார்க்டேல் பகுதியில் ஒரு தமிழ் வீட்டுக் குளியல் தொட்டியில் முதலை கிடப்பதாக அயலவர் சொல்ல, என்னை அனுப்பினார்கள்.

கதவைத் திறந்த அக்கா என்னைக் குளியலறை வாசல்வரை கூட்டிப்போனார். முன்பு குடியிருந்தவன் அதை விட்டுவிட்டுப் போயிருந்தான். அகதி வழக்கு முடியாத நிலையில், பொலிஸ் வந்துவிடுமோ என்று பயந்து அவர் யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகளை அடுப்படியில் வாளித் தண்ணீரில் குளிக்கவைத்து, முதலைக்குக் கோழி இறைச்சி போட்டு வந்திருக்கிறார்.

"லைற்றை நூத்துப்போட்டு இருட்டில உள்ள போனா ஒண்டும் செய்யாது தம்பி. அதுக்கும் பயம்தானே," என்றார்.

முதலையின் கண்களை ஈரத் துவாயால் மூடி, வாயைக் கட்டி, மெல்லத் தூக்கிவந்து கூடத்து நிலத்தில் விட்டேன். தொட்டிக்குள்ளேயே வளர்ந்ததால் அதன் வால் வளைந்துபோயிருந்தது. அவ்வளவு இடம் இருந்தும் அது நிமிரவில்லை.

பார்த்துக்கொண்டே நின்றவர் கேட்டார்: "உந்த முதலையையும் அதின்ர நாட்டுக்குத் திருப்பி அனுப்பிப்போடுவினமோ?"

"இல்லை அக்கா. இஞ்சயே ஒரு காப்பகத்தில வச்சிருப்பினம்."

"அப்ப நல்லது," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முதலைக்கு நல்ல இடம் கிடைத்ததும், அதை அக்காவிடம் சொல்ல ஆசையோடு போனேன். கதவை வேறு யாரோ திறந்தார்கள். அந்தக் குடும்பம் எங்கே போனது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்த இடமெல்லாம் விசாரித்தேன். முதலைக்குக் கிடைத்த இடம் அவர்களுக்கும் கிடைத்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.