வண்டியின் பின்படி

முன்னால் அப்பா, குதிரையின் வாரைப் பிடித்தபடி. உள்ளே அம்மா. அம்மா மடியில் தலை வைத்து அத்தை, அப்பாவின் தங்கை. பின்படி ஓரத்தில் நான். எனக்கு அப்போது ஏழு வயது.

வண்டி பண்ணை முதலாளியுடையது. மலையடி மாந்தோப்புப் பண்ணையில் அப்பாதான் குதிரை வண்டிக்காரர். எண்பதுகளின் தொடக்கம். முதலாளி இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. காரை அவர் மகன் மதுரைக்குக் கொண்டுபோய்விட்டார். தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்த அத்தைக்கு மத்தியானம் வலி கண்டது. ரத்தமும் போனது. பஸ் அப்போதுதான் போயிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு அப்பா வண்டியைப் பூட்டினார்.

அந்தப் பண்ணையில் குதிரைக்குச் சாட்டை கிடையாது. முதலாளி உத்தரவு. அதனால் அப்பா வேறு விதமாகப் பழக்கியிருந்தார். ஊருக்குப் போனாலும் வந்தாலும் முதலாளி மூன்று இடத்தில் இறங்குவார். வாய்க்கால் மதகு, அரிசி மில், அவர் தம்பி வீடு. குதிரை தானே நிற்கும். அவர் திரும்பப் பின்படியில் ஏறி, வண்டி ஒரு அமுங்கு அமுங்கினால்தான் நகரும். பண்ணைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா இதைப் பெருமையாகச் சொல்வார்.

அன்றும் மதகில் குதிரை நின்றது. அப்பா கத்தினார். வாரை உதறினார். இறங்கிப் போய் இழுத்தும் பார்த்தார். காலை ஊன்றிக்கொண்டது.

"ஏலே, எறங்கி ஏறு" என்றார் என்னிடம்.

ஏறினேன். என் கனம் போதவில்லை. அம்மா இறங்கி ஏறினாள். நகர்ந்தது.

அத்தை அந்த வலியிலும் சிரித்தாள். "மொதலாளி எறங்கி ஏறாம போவாதாம்ல."

"சிரிக்காதட்டி. பல்லக் கடிச்சிக்கிட்டுக் கெட" என்றாள் அம்மா.

மில் வாசலிலும் அம்மாவே இறங்கினாள். மூன்றாவது இடத்தில் அத்தை அம்மாவின் கையை விடவில்லை. அப்பா குதித்துப் பின்னால் ஓடிவந்து ஏறினார். வண்டி நகர்ந்தது. எங்களைத் தாண்டித் தவழ்ந்து முன்னால் போனார். அத்தை சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, ராஜபாளையத்தில் பஞ்சு மில்லில் வேலை பார்த்த மாமா, அத்தையின் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரிக்கு வந்து அத்தையை வேனில் ஏற்றிக்கொண்டு போனார். முகம் வரை போர்த்தியிருந்தார்கள். குளிருக்கு என்று நினைத்தேன். அத்தைக்கு மட்டும் வேனா என்று எனக்கு ஆத்திரம்.

நாங்கள் வேனுக்குப் பின்னால் வண்டியில் பண்ணைக்குக் கிளம்பினோம். அம்மா கையில் பழைய சேலையில் சுற்றிய பிள்ளை.

முதலாளியின் தம்பி வீட்டு வாசலில் குதிரை நின்றது.

"எப்பா, எறங்கி ஏறுங்கப்பா" என்றேன்.

"நிக்கட்டும்லே. இனி என்ன அவசரம்."

அப்பா இறங்கினார். பின்னால் வரவில்லை. குதிரையின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். அதற்கு நேற்று ஓடிய களைப்பு, தடவிக்கொடுக்கிறார் என்று நினைத்தேன். சும்மா இருக்க முடியாமல் ஆட்களை எண்ணினேன். போகும்போது நாலு பேர். வரும்போதும் நாலு.